அணுக்கரு சுழல்வதை யார் பார்த்தார்கள்?

வணக்கம் சார்,

அணுக்கருவின் உயர் தற்சுழற்சி நிலைகள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். கரு நீண்டிருக்கிறது, வேகமாகச் சுழல்கிறது என்கிறீர்கள். டிடெக்டரில் பதிவாவது காமா கதிர்களின் ஆற்றல் மட்டும்தானே? வெறும் எண்களை வைத்து வடிவத்தையும் சுழற்சியையும் சொல்வது, கணக்குக்கு வசதியான கற்பனை இல்லையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எண்கள் மட்டும்தான், சரி. ஆனால் அவை எந்த வரிசையில் வருகின்றன என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

கன அயனிக் கற்றையை, அதாவது மின்னேற்றம் பெற்ற கனமான அணுக்களின் பாய்ச்சலை, மெல்லிய உலோகத் தகட்டில் மோதவிட்டால் சில சமயம் இரண்டு கருக்கள் ஒன்றாகிவிடும். மோதல் பெரும்பாலும் நட்டநடுவில் படாமல் சற்று விலகியே படுவதால், புதிய கரு சுழற்சியோடுதான் பிறக்கிறது. சில நியூட்ரான்களை உதறிவிட்டு, மிச்சச் சுழற்சியைக் காமா கதிர்களாகப் படிப்படியாக இறக்குகிறது. நீள்வடிவக் கரு சுழன்றால் இந்தக் கதிர்களின் ஆற்றல் ஏறக்குறைய சம இடைவெளியில் ஏற வேண்டும். கோளக் கருவில் இந்த ஒழுங்கு வராது. குவாண்டம் கணக்கில் கோளத்தை எப்படித் திருப்பினாலும் அது அதே நிலைதான்.

எர்பியம்-158ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அடியிலிருந்து மேலே போனால் 192, 335, 443, 523, 579, 608 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (ஆற்றலின் அலகு). இடைவெளி குறுகினாலும் ஏறுமுகம்தான். அடுத்தது 510! அதற்கடுத்தது 473. அப்புறம் 566 என்று மறுபடி ஏறுகிறது. கதிரின் ஆற்றல்தான் சுழலும் வேகத்துக்கு அளவுகோல். கோண உந்தம் (சுழற்சியின் மொத்த அளவு) கூடிக்கொண்டே போக, சுழலும் வேகம் மட்டும் நடுவில் குறைகிறது. அப்படியென்றால் நிலைமத் திருப்புத்திறன், அதாவது சுழற்சி மாறுவதை எதிர்க்கும் அளவு, சட்டென்று கூடியிருக்க வேண்டும்.

ஏன் கூடியது? கருவுக்குள் நியூட்ரான்கள் ஜோடி ஜோடியாக இருப்பதால் கரு ஒரே கட்டியாகச் சுழல்வதில்லை. பச்சை முட்டையைச் சுழற்றினால் உள்ளிருப்பது முழுதாகக் கூடவே சுழலாது இல்லையா, அந்த மாதிரி. வேகம் ஏற ஏற கோரியாலிஸ் விசை (சுழலும் பொருளுக்குள் நகர்வனவற்றின் மேல் தோன்றும் விசை) ஜோடிகளைப் பிரிக்கப் பார்க்கிறது. ஒரு கட்டத்தில் ஒரு நியூட்ரான் ஜோடி உடைந்து, இரண்டும் சுழலச்சின் பக்கம் திரும்பிக்கொள்கின்றன. தேவையான கோண உந்தத்தில் பெரும்பங்கை அவையே தந்துவிடுவதால் கரு அவ்வளவு வேகமாகச் சுழல வேண்டியதில்லை. வேகம் இப்படி நடுவில் பின்வாங்குவதைப் பின்வளைவு என்பார்கள். அதை 1971இல் ஸ்டாக்ஹோமில் ஜான்சன், ரைடு குழுவினர் கண்டார்கள். அடுத்த ஆண்டே ஸ்டீபன்ஸும் சைமனும் இந்த விளக்கத்தைத் தந்தார்கள். சுழற்சியே கற்பனை என்றால் கோரியாலிஸ் விசைக்கு அங்கே என்ன வேலை?

வடிவத்துக்குத் தனிச் சாட்சி உண்டு. 1986இல் இங்கிலாந்தின் டேர்ஸ்பரியில் டிஸ்ப்ரோசியம்-152இல் 19 கதிர்கள் கிட்டத்தட்ட 47 கிலோ எலக்ட்ரான் வோல்ட் இடைவெளியில் வரிசை கட்டி நின்றன. நீளம் அகலத்தைப்போல் இரு மடங்கு என்றது அந்த இடைவெளி. பிறகு, கரு பாய்ந்துகொண்டிருக்கும்போதே கதிரை விடுகிறதா, வேகம் குறைந்தபின் விடுகிறதா என்று டாப்ளர் விலகலில் (பாயும் வேகத்தால் கதிரின் ஆற்றலில் வரும் மாற்றத்தில்) பார்த்து நிலைகளின் ஆயுளைக் கணித்தார்கள். கரு அதிகம் நீண்டிருந்தால் கதிர் சீக்கிரம் வெளிவரும். அந்த அளவீடும் அதே வடிவத்தைத்தான் காட்டியது. இதே கருவில் ஒழுங்கே இல்லாத இன்னொரு கதிர்த்தொடரும் இருக்கிறது. அதை யாரும் நீள்வடிவச் சுழற்சி என்று சொல்லவில்லை.

உங்கள் சந்தேகம் உண்மையிலேயே பொருந்துகிற இடம் வேறு. அந்த 19 கதிர்வரிசையில் ஒவ்வொரு படியின் தற்சுழற்சி எண்ணும் (கோண உந்தத்தைக் குறிக்கும் எண்) நெடுநாள் மதிப்பீடாகவே இருந்தது. கீழே உள்ள சாதாரண நிலைகளோடு அதை இணைக்கும் கதிர் சிக்கவில்லை. காமாஸ்பியர் டிடெக்டர் அணி மூலம் 4011 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிர் ஒன்று பிடிபட்டு, 2002இல் வெளியான பிறகுதான் அந்த எண்கள் உறுதியாயின.