முரசு நோய்: வாசிகசாலைக் கூட்டத்தில் கேட்டவையும் நான் சொன்னவையும்

இலங்கையில் திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளியில் ஒரு வாசிகசாலைக் கூட்டம். முரசு (ஈறு) நோய்க்குப் புதிய வைத்தியம் ஏதும் உண்டா என்பதுதான் பேச்சு. பல் வைத்தியராக நான் சொன்ன பதில்களில் சில:

நிலாவெளி ஐயா: துலக்கும்போது இரத்தம் வருது. புதுசா ஊசி வந்திருக்காமே, டொக்டர்?

ஊசி இருக்கட்டும் ஐயா, முதலில் பல்லில் படிந்த ஊத்தை போகட்டும். 1965இல் பல் ஆராய்ச்சியாளர் ஹரால்ட் லோ குழுவினர் 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார்கள். மூன்று கிழமைக்குள் எல்லோருக்கும் முரசு வீங்கியது. திரும்பத் துலக்கியதும் ஒரு கிழமை அளவில் ஆறிவிட்டது. இரத்தம் கசிகிற கட்டத்தில் இன்னும் மீளலாம். பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்த பிறகு அப்படியில்லை.

கிண்ணியா ஆசிரியை: எங்கட உம்மா கரியால் துலக்கியே அறுபது வயதிலும் எல்லாப் பல்லோடும் இருக்கிறா. எனக்கு 35இல் ஆடுது. ஏன்?

இதற்கு விடை நம் நாட்டிலேயே கிடைத்தது, டீச்சர். 1970இல் தொடங்கி 15 வருடம், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் 480 பேரை அதே லோ குழு கவனித்தது. பல் துலக்கும் வழக்கமோ பல் வைத்தியமோ இல்லாதவர்கள். எல்லோர் வாயிலும் ஊத்தை, எல்லோருக்கும் முரசு அழற்சி. ஆனால் 8 வீதத்தினருக்கு நோய் வேகமாகப் பரவியது, 81 வீதத்தினருக்கு மிதமான வேகத்தில். மீதி 11 வீதத்தினருக்கு அழற்சியைத் தாண்டிப் போகவேயில்லை. கிருமி மட்டுமல்ல, அதற்கு உடம்பு காட்டும் எதிர்ப்பும் ஆளுக்கு ஆள் வேறு என்பதற்கு இன்றும் இதைத்தான் காட்டுகிறார்கள். உங்கள் உம்மா அந்த 11இல் ஒருவராக இருக்கலாம். அந்த மலையகத் தமிழ்ச் சனம் பாடநூல்களில் வெறும் எண்ணாக நிற்பதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு.

ஒரு தம்பி: பாமசியில் மெட்ரோனிடசோல், அந்தக் கிருமிகொல்லிக் குளிசை, வாங்கிப் போட்டால் சரிவராதா?

வராது. கிருமிகள் பல்லில் படலமாக ஒட்டிக்கிடக்கின்றன. அதைச் சுரண்டாமல் குளிசை போடுவது வீண். கடுமையான நோய்க்கு ஆழமாகத் துப்புரவாக்கும்போது சிலருக்கு நாங்களே கொடுப்போம். 20 மில்லிகிராம் டொக்ஸிசைக்ளின் என்ற இன்னொரு கிருமிகொல்லி வேறு கதை: அந்தச் சின்ன அளவு கிருமியைக் கொல்லாது, இழையத்தை அரிக்கும் நொதியை அடக்கும். அதுவும் துணைக்குத்தான்.

இன்னொருவர்: கரைந்த எலும்பு வளருமா?

ஓரளவு. பன்றிப் பல்லின் எனாமல் புரதத்தில் செய்த ஜெல் 1990களிலிருந்து உண்டு. (முஸ்லிம் நண்பர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.) 2016இல் ஜப்பான் ஒரு வளர்ச்சிக் காரணி (இழையத்தை வளரத் தூண்டும் புரதம்) மருந்தை அனுமதித்தது. இரண்டும் ஆழமான, குறுகிய எலும்புக் குழிகளில் நன்றாக வேலை செய்கின்றன; எலும்பு சமமாகத் தேய்ந்த இடத்தில் பலன் குறைவு.

சீனி வருத்தக்காரர் ஒருவர்: முரசைக் கவனித்தால் சீனி குறையுமா?

குறையும். நல்ல துப்புரவு வைத்தியத்துக்குப் பிறகு மூன்று நான்கு மாதத்தில் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சீனி அளவைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) சராசரியாக 0.4 வீதப் புள்ளி அளவு இறங்குகிறது. மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

கடைசி வரிசை அம்மா: கன்னியா வெந்நீர் ஊற்றுத் தண்ணியில் கொப்பளித்தால்?

குளியுங்கோ அம்மா. கொப்பளிக்க வீட்டில் உப்புத் தண்ணி போதும், இதமாக இருக்கும். பல்லில் இறுகின கல்லை அது கரைக்காது, அதற்கு என்னிடம் வாங்கோ.