லாட்டரி குலுக்கலை விட்டுவிட்டேன், இலங்கை நேரலையை விடவில்லை

"மதியம் கேரள லாட்டரிக் குலுக்கல், ராத்திரி இலங்கைத் தேர்தல் நேரலை என்று உங்கள் பக்கத்து ஆட்கள் போனும் கையுமாக இருக்கிறார்களே, இரண்டும் வீண்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கேரள எல்லையோரச் செங்கோட்டைக்காரன். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

முதலில் லாட்டரி. தமிழ்நாட்டில் 2003 ஜனவரியில் தடை வந்தது. அதற்கு முன் அப்பா தினமும் ஒரு நம்பர் சீட்டு சுரண்டியவர், அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது போனதுதான், திரும்பவில்லை. தடைக்குப் பிறகு புளியரை தாண்டி, கேரளத்து ஆரியங்காவு போய்க் கேரளச் சீட்டு வாங்கினார். அதுவாவது அரசாங்கம் நடத்துவது, கையில் சீட்டு இருக்கும், விழுந்தால் பணம் வரும். 2023 திருவோணம் பம்பரில் 25 கோடி விழுந்தது திருப்பூர்ப் பக்கத்து நான்கு பேருக்குத்தானே.

ஆனால் இன்றைக்கு மூன்று மணிக்கு டீக்கடையில் போனைச் சுற்றி நிற்பவர்களில் பாதிப் பேரிடம் கேரளச் சீட்டே இருக்காது. அவர்கள் கட்டியிருப்பது மூன்று நம்பர். திருவனந்தபுரத்தில் குலுக்கி வரும் எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தை வைத்து இங்கே ஒருவன் துண்டுச் சீட்டிலோ வாட்ஸப்பிலோ நடத்தும் சூதாட்டம், முழுக்கச் சட்டவிரோதம், விழுந்தாலும் அவன் தரவில்லை என்றால் யாரிடம் போய்க் கேட்பது? என் சித்தப்பா மகன் கொத்தனார் வேலை, சனிக்கிழமைக் கூலி வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அதைப் பார்த்த பிறகு அந்த நேரலையை நான் திறப்பதே இல்லை.

இலங்கை வேறு. என் பெரியம்மா ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர். நம்ம ஜில்லாவிலிருந்து பஞ்சம் பிழைக்கப் போன குடும்பம். இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகி, 1964இல் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் போட்ட சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தில் ஆட்களை எண்ணிப் பிரித்தபோது பெரியம்மாவுக்கு இந்தியா, அவர் அண்ணனுக்கு இலங்கை என்று ஆனது. தலைமன்னாரில் கப்பல் ஏறியபோது பெரியம்மாவுக்கு இருபது வயதுகூட இல்லை.

2022 ஜூலை 9 அன்று கொழும்பில் ஜனாதிபதி மாளிகைக்குள் ஜனங்கள் புகுந்ததைப் பெரியம்மாவும் நானும் சேர்ந்துதான் பார்த்தோம். ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச மாலத்தீவுக்கு ஓடி, சிங்கப்பூரிலிருந்து ராஜினாமா அனுப்பி, 20ஆம் தேதி நாடாளுமன்றத்தில் 134 ஓட்டு வாங்கி ரணில் விக்கிரமசிங்க ஜனாதிபதியாக வந்தது வரை பெரியம்மா டிவியை அணைக்க விடவில்லை. அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "அண்ணன் வீட்டுக்கு இனியாவது கேஸ் சிலிண்டர் கிடைக்குமாய்யா?"

இலங்கைத் தேர்தல் நேரலையை நீங்கள் பார்ப்பதாக இருந்தால் ஒன்று சொல்கிறேன். அங்கே முதலில் வருவது தபால் வாக்கு, அதை வைத்து முடிவு கட்டும் தலைப்புகளை நம்பாதீர்கள், தேர்தல் ஆணைக்குழு மாவட்டவாரியாக அறிவிப்பதை மட்டும் பாருங்கள். ஜனாதிபதித் தேர்தலில் ஒருவர் மூன்று வேட்பாளர்கள் வரை விருப்ப வரிசை போடலாம், யாருக்கும் பாதிக்கு மேல் வரவில்லை என்றால் முதல் இரண்டு பேரைத் தவிர மற்றவர்களுக்கு விழுந்த சீட்டுகளின் அடுத்த விருப்பத்தை எண்ணுவார்கள். 2024 செப்டம்பரில்தான் முதல் தடவையாக அப்படி எண்ணி அநுர குமார திசாநாயக்க ஜெயித்தார்.

அந்தத் தேர்தலில், ஹட்டன் இருக்கும் நுவரெலியா மாவட்டத்தில் எதிர்க்கட்சித் தலைவர் சஜித் பிரேமதாச முன்னால் என்று வந்ததும் பெரியம்மா போனை என்னிடம் நீட்டி, "அண்ணன் முழிச்சுத்தான் இருக்கும், போட்டுக் குடு" என்றார்.