ஸ்பானிஷ் ரிஃப்ளெக்சிவ் வினையை இறந்தகாலத்தில் சொல்லும்போது 'மெ' எங்கே வரும்?

நிகழ்காலத்தில் 'மெ லெவாந்தொ' (எழுகிறேன்) என்று தடையின்றி வருகிறது, இறந்தகாலத்தில்தான் 'மெ' எங்கே நிற்கும் என்று குழம்புகிறது என எழுதியிருக்கிறீர்கள். ஆளுக்கேற்ப 'மெ' (என்னை), 'தெ' (உன்னை), 'செ', 'நோஸ்' (எங்களை) என ஒரு சிறு சொல்லைச் சேர்த்துச் சொல்லும் வினைதான் ரிஃப்ளெக்சிவ் வினை. அந்தச் சிறு சொல் இடம் மாறுவதேயில்லை. வினைமுற்றுக்கு முன்னால், தனிச் சொல்லாகவே நிற்கும். மாறுவது வினையின் ஈறுதான்: மெ லெவாந்தே (எழுந்தேன்), தெ லெவாந்தாஸ்தெ (எழுந்தாய்), செ லெவாந்தோ (எழுந்தார்), செ லெவாந்தாரோன் (எழுந்தார்கள்). 'நோஸ் லெவாந்தாமோஸ்' மட்டும் இரு காலங்களுக்கும் பொது. 'ஆயெர்' (நேற்று) போன்ற சொல்லை வைத்துத்தான் காலத்தை அறிய வேண்டும்.

இந்த 'மெ'யை நான் விட்ட இடம் என் முதல் வாய்மொழித் தேர்வு. நேற்று ஏழு மணிக்கு எழுந்தேன் என்று சொல்ல நினைத்து, 'ஆயெர் லெவாந்தே ஆ லாஸ் சியெத்தெ' என்றேன். ஆசிரியை பேனாவைக் கீழே வைத்துவிட்டு, 'ஆ கியேன்?' என்று கேட்டார். யாரை? ஈறும் சரி, கடைசி அசையில் வர வேண்டிய அழுத்தமும் சரி. ஆனாலும் யாரைப் பற்றிக் கேட்கிறார் என்று விளங்காமல் வாயடைத்து நின்றேன். நான் சொன்னது 'எழுந்தேன்' அன்று, 'எழுப்பினேன்' என்பது பிறகே புரிந்தது. பள்ளியில் படித்த தன்வினை, பிறவினை வேறுபாடுதான் இது. தமிழ் வினையின் உருவத்தை மாற்றிக் காட்டுவதை ஸ்பானிஷ் 'மெ'யைச் சேர்த்துக் காட்டுகிறது: 'எஸ்கொந்தீ' என்றால் ஒளித்தேன், 'மெ எஸ்கொந்தீ' என்றால் ஒளிந்துகொண்டேன். நான் படித்த பாடநூலோ இதை ஆங்கில வழியில் 'என்னை நானே' என்று விளக்கியிருந்தது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை. 'என்னை நானே எழுப்பினேன்' என்று தமிழர் யார் சொல்வார்கள்?

எல்லா வினைக்கும் இந்த ஒப்புமை பொருந்தாதே என்று இலக்கணம் அறிந்தவர்கள் திருத்த வரலாம். பொருந்தாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். 'தோர்மீ' தூங்கினேன், 'மெ தோர்மீ' தூங்கிப்போனேன். 'ஃபுய்' போனேன், 'மெ ஃபுய்' கிளம்பிவிட்டேன். இங்கே பிறவினை எதுவும் இல்லை. ஆனாலும் 'போ', 'விடு' என்னும் நம் துணைவினைகள் தரும் அதே சாயலை 'மெ' தருவதால், இங்கும் தமிழ்க் காதே எனக்கு உதவுகிறது.

உட்காருவதற்கும் உணர்வதற்கும் நிகழ்காலத்தில் 'மெ சியெந்தொ' என்ற ஒரே வடிவம்தான். இறந்தகாலத்தில் அவை பிரிந்துவிடும்: 'மெ செந்தே' உட்கார்ந்தேன், 'மெ செந்தீ' உணர்ந்தேன். உங்களைத் தொல்லைப்படுத்தும் அதே இறந்தகாலம் இங்கே குழப்பத்தைத் தீர்த்துவைக்கிறது.