நாலு போர்ஷன் வீடு, இரண்டு பெயர், ஒரு கடன்

கேள்வி: நானும் என் துணையும் திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்கிறோம், இருவரும் சம்பளக்காரர்கள். சேலம் அழகாபுரத்தில் நாலு போர்ஷன் வீடு 60 லட்சத்துக்கு வருகிறது. ஒன்றில் குடியிருந்து, மற்ற மூன்றையும் 8,000 வீதம் வாடகைக்கு விட எண்ணம். சேர்ந்து வீட்டுக்கடன் வாங்கலாமா?

பதில்: வாங்கலாம்; ஆனால் சில வங்கிகளில்தான் நடக்கும். கூட்டுக் கடன் என்றால் கணவன் மனைவியா, பெற்றோர் பிள்ளையா என்றுதான் பல கிளைகளில் கேட்பார்கள். உள்ளதைச் சொல்லியே விசாரியுங்கள். விண்ணப்பத்தில் ‘மனைவி’ என்று எழுதிச் சமாளிக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

கைக்காசைப் பார்ப்போம். 30 முதல் 75 லட்சம் வரையான கடனுக்கு, வீட்டு மதிப்பில் 80 சதவீதமே ரிசர்வ் வங்கியின் உச்சவரம்பு. ஆக, 48 லட்சம். மீதி 12 லட்சத்தோடு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதம்: இன்னொரு 5.4 லட்சம். 20 வருடம், 8.5 சதவீதம் என்றால் தவணை ஏறக்குறைய 41,650. மூன்று வாடகையும் ஒழுங்காக வந்தாலே மாதம் 17,650 கையிலிருந்து போகும். ஒரு போர்ஷன் பூட்டிக் கிடந்தால்?

இதைவிட எனக்குக் கவலை தருவது கிரயப் பத்திரம். யாருக்கு எத்தனை பங்கு என்று அதிலேயே எழுதுங்கள். எழுதாவிட்டால், சொத்து மாற்றுச் சட்டம் 45ஆம் பிரிவின்படி அவரவர் போட்ட பணத்தின் விகிதம். அதற்கும் ஆதாரமில்லை என்றால் சரிபாதி. அதனால் அட்வான்ஸிலிருந்து தவணைவரை எல்லாம் வங்கிக் கணக்கு வழியாகவே போகட்டும். பங்கு 60:40 ஆக இருந்தாலும் வங்கிக்கு இருவருமே முழுக் கடனாளிகள். ஒருவர் நிறுத்தினால் மற்றவரிடம் மொத்தத்தையும் கேட்பார்கள்.

பிரிந்து, ஒருவர் பங்கை மற்றவருக்கு எழுதிக் கொடுக்க நேர்ந்தால், குடும்பத்தாருக்கு எழுதும் செட்டில்மென்ட் பத்திரத்துக்கான தீர்வைச் சலுகை உங்களுக்குக் கிடையாது; மறுபடி முழுத் தீர்வை. ஒருவர் இறந்துபோனாலோ, இந்து வாரிசுச் சட்டத்தின் பட்டியலில் துணைக்கு இடமில்லை. பிள்ளைகள் இல்லாவிட்டால் ஆணின் பங்கு தாய்க்கும், பெண்ணின் பங்கு பெற்றோருக்கும் போய்விடும். பத்திரம் பதிந்த கையோடு இருவரும் தனித்தனியே உயில் எழுதுங்கள். சாட்சி இருவர் போதும், முத்திரைத்தாள் தேவையில்லை.

வீட்டையும் கொஞ்சம் பாருங்கள். மாடிக்கு வரைபட அனுமதி இல்லையென்றால் வங்கி இன்ஜினியர் அதை மதிப்பில் சேர்க்காமல் போகலாம், கடன் சுருங்கிவிடும். அட்வான்ஸ் கொடுக்குமுன் ஈ.பி. மீட்டர்களை எண்ணுங்கள். நாலு குடித்தனத்துக்கு இரண்டே சர்வீஸ் என்றால், பிரித்து வாங்கும் செலவு யாருடையது என்பதை அக்ரிமென்ட்டில் எழுதி வாங்கிவிடுங்கள்.