டேப்லெட்டில் டைப் செய்தால் எழுத்து விட்டுவிட்டு விழுகிறது; புதிது வாங்கலாமா?

திருப்பூர் பனியன் கம்பெனியில் ஆர்டர் பதியும் ஆண்ட்ராய்டு டேப்லெட் என்கிறீர்கள். காசை எடுக்கும் முன் டெம்பர்டு கிளாஸைக் கழற்றிப் பாருங்கள். ஓரம் தூக்கிப் பஞ்சுத்தூசி புகுந்திருந்தால் அந்த இடத்தில் தொடுதல் சரியாகப் பதியாது.

அடுத்து, செட்டிங்ஸில் பில்டு நம்பரை 7 முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் என்ற மறைந்திருக்கும் மெனு திறக்கும். அதில் 'பாயிண்டர் லொகேஷன்' ஆன் செய்து, திரை முழுக்க விரலால் மெதுவாகக் கோடு இழுங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கோடு அறுந்தால் டச் போய்விட்டது. பழைய மாடலுக்கு அதை மாற்றுவதைவிடப் புதிது மேல். கோடு அறாமல் வந்து எழுத்து மட்டும் தாமதித்தால் ஸ்டோரேஜைப் பாருங்கள், பெரும்பாலும் 'குட் மார்னிங்' வீடியோக்கள்தான் அடைத்திருக்கும்.

இவை எதுவும் இல்லையென்றால், புது டேப்லெட்டிலும் இதேபோல் கண்ணாடித் திரையில்தானே தட்ட வேண்டும்? ஓடிஜி கேபிளில் (டேப்லெட்டில் யூஎஸ்பி சாதனங்களை இணைக்கும் கேபிள்) ஒரு யூஎஸ்பி கீபோர்டைச் சொருகிப் பாருங்கள்.