அன்னாசி போட்ட ஜெல்லி ஏன் உறையவில்லை?

கேள்வி: மகன் பிறந்தநாளுக்கு ஜெலட்டினில் அன்னாசித் துண்டுகள் போட்டுப் புட்டிங் செய்தேன். ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்தும் பாயசமாகவே கிடந்தது. ஜெலட்டின் சைவம்தானா என்று மாமியார் வேறு கேட்கிறார். கடல்பாசி போடலாமா?
– மாட்டுங்கா வாசகி, மும்பை

பதில்: மாமியாரிடம் முதலில் உண்மையைச் சொல்லிவிடுங்கள். ஜெலட்டின், மாடு அல்லது பன்றியின் தோல், எலும்பு, சில சமயம் மீன் தோல் ஆகியவற்றிலிருந்து எடுப்பது. சைவம் கிடையாது. 'வெஜ் ஜெலட்டின்' என்று விற்கும் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் கடல்பாசியிலிருந்து எடுக்கும் அகர் அகரோ கராஜீனனோதான் இருக்கும். பச்சை வட்டத்தையும் பார்த்து வாங்குங்கள்.

புட்டிங்கைக் கெடுத்தது அன்னாசி. சமைக்காத அன்னாசியில் உள்ள புரோமலின் என்ற நொதி, ஜெலட்டினின் புரதத்தை அறுத்துவிடும். பப்பாளி, கிவிக்கும் இதே குணம். நானும் ஒருமுறை பப்பாளி போட்டுவிட்டு, விருந்தாளிகளுக்கு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன்! பழத்தைச் சில நிமிடம் கொதிக்கவைத்துச் சேர்த்தால் பிரச்னை இல்லை.

கடல்பாசிக்கு அந்தத் தொல்லையே கிடையாது, அதில் புரதம் இல்லையே. சிவப்புக் கடல்பாசியிலிருந்து எடுக்கும் அகர் அகரைத்தான் நாம் சமையலில் கடல்பாசி என்கிறோம், கடைக்காரர் சைனா கிராஸ் என்பார். எங்கள் செம்பூர் கட்டடத்தில் கீழ்வீட்டுத் திருநெல்வேலி அக்கா, நோன்பு மாதத்தில் தேங்காய்ப்பால் சேர்த்துச் செய்வார். தட்டில் ஊற்றி, ஃப்ரிட்ஜே இல்லாமல், சாய்சதுரமாக வெட்டித் தருவார். "நூல் நூலா தெரிஞ்சா இறக்காதீங்கம்மா" என்பார். அதுதான் சூட்சுமம். ஊறவைத்து, தண்ணீரில் ஒரு இழைகூடத் தெரியாதபடி கொதிக்கவைக்க வேண்டும். பாலை வெதுவெதுப்பாகச் சேருங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாலை அப்படியே ஊற்றினால் பாசி அங்கங்கே உறைந்து திரிதிரியாகிவிடும். எலுமிச்சை விடுவதானால் அடுப்பை அணைத்த பிறகு.

கடல்பாசி 40 டிகிரிக்குக் கீழே வந்தாலே உறைந்துவிடும், மறுபடி உருக 85 டிகிரியாவது வேண்டும். ஜெலட்டினோ 35 டிகிரிக்குள்ளேயே உருகும். நம் மே மாதத்துக்கு எது தாங்கும் என்று சொல்லவே வேண்டாம். ஆனால் ஜெலட்டின் மாதிரி வாயில் கரையாது, கடித்தால் உடையும்.

தண்ணீரும் பாலும் சேர்ந்து அரை லிட்டருக்கு 5 கிராம் இழை போதும். ஒரு கரண்டியைக் குளிர்ந்த தட்டில் விட்டுப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் உறையாவிட்டால், இன்னும் கொஞ்சம் பாசியைத் தனியாகக் காய்ச்சிக் கலக்கலாம்.