மகள் பிசிக்கல் தெரபி அசிஸ்டென்ட் ஆகலாமா? ஒரு தந்தைக்குப் பதில்

வணக்கம் ஐயா.

"அமெரிக்கா வரை வந்து கஷ்டப்பட்டது, பெண் யாருக்கோ எடுபிடியாக நிற்கவா?" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் நீங்கள் மனதில் வைத்திருப்பது வேறொரு வேலை. டவல் மடிப்பது, கட்டில் துடைப்பது, நோயாளியை உள்ளே அழைத்து வருவது போன்ற வேலைகளைச் செய்பவர் 'எய்டு'. அதற்குப் பட்டமோ உரிமமோ தேவையில்லை, வேலையில் சேர்ந்து பழகிக்கொள்வார்கள். உங்கள் மகள் கேட்பது பிசிக்கல் தெரபி (பிசியோதெரபி) அசிஸ்டென்ட் வேலை. அதற்கு இரண்டு வருட அசோசியேட் பட்டமும் (இளநிலைப் பட்டத்துக்குக் கீழ்ப்படி), தேசியத் தேர்வும், மாநில அனுமதியும் வேண்டும். புதிதாக முளைத்ததும் இல்லை. இதைப் படித்த முதல் மாணவர்கள் 1969-லேயே தேறி வெளியே வந்துவிட்டார்கள்.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். முழங்கால் மூட்டு மாற்றி பத்து நாளான ஒரு பெரியவர். அசிஸ்டென்ட் அவர் இடுப்பில் பெல்ட்டைக் கட்டி, கையால் பிடித்தபடி, ஆபரேஷன் ஆன கால் பக்கமாகச் சற்றுப் பின்தள்ளி நின்று வாக்கரில் நடக்கவைக்கிறார். உட்காரவைத்து, முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது என்று கோனியோமீட்டரால் அளக்கிறார். அப்போது கெண்டைக்கால் வீங்கியிருப்பது கண்ணில் படுகிறது. தொட்டால் சூடு, அழுத்தினால் வலி. பயிற்சியை அந்த நொடியே நிறுத்திவிட்டுத் தெரபிஸ்ட்டைக் கூப்பிடுகிறார். காலில் ரத்தக்கட்டு உண்டாகியிருக்கலாம், அது நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து என்று அவருக்குத் தெரியும். இதைச் செய்பவரை எடுபிடி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

எல்லையும் உண்டு. முதல் பரிசோதனை, சிகிச்சைத் திட்டம் வகுப்பது, அதை மாற்றுவது எல்லாம் தெரபிஸ்ட்டின் பொறுப்பு. அந்தத் திட்டத்துக்குள் பயிற்சியைக் கூட்டவும் குறைக்கவும் அசிஸ்டென்ட்டால் முடியும். தெரபிஸ்ட் அதே கட்டடத்தில் இருக்க வேண்டுமா, போனில் கிடைத்தால் போதுமா என்பது மாநிலத்துக்கு மாநிலம், இடத்துக்கு இடம் மாறும்.

படிப்பில் உடற்கூறும் உடலியக்கமும் கடினமான பாடங்கள். மாணவர்கள் ஒருவர் உடலில் ஒருவர் பயிற்சி செய்து பழகுவார்கள், அதனால் முழுக்க ஆன்லைனில் முடித்துவிடலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஏறக்குறைய 16 வாரம் முழுநேரமாக நோயாளிகளோடு பயிற்சி. பணம் கட்டுமுன் அந்தக் கல்லூரிப் படிப்புக்கு 'கேப்டி' (CAPTE, பிசிக்கல் தெரபி படிப்புகளைச் சோதித்து அங்கீகரிக்கும் அமெரிக்க அமைப்பு) அங்கீகாரம் உண்டா என்று நீங்களே பாருங்கள், அது இல்லாவிட்டால் தேசியத் தேர்வுக்கு உட்காரவே சிக்கல் வரும். அந்தத் தேர்வில் 200 முதல் 800 வரையான மதிப்பெண் அளவில் 600 எடுத்தால் தேர்ச்சி.

என் கவலை வேறு. "இதில் சேரட்டும், பிறகு அப்படியே தெரபிஸ்ட் ஆகிவிடலாம்" என்று நினைத்துத்தான் பல குடும்பங்கள் ஏமாறுகின்றன. தெரபிஸ்ட் ஆக, இளநிலைப் பட்டத்துக்கு மேல் பொதுவாக மூன்று வருட டாக்டர் பட்டம் வேண்டும். இந்த இரண்டு வருடத்தின் தொழிற்பாடங்கள் பெரும்பாலும் அங்கே கணக்கில் வராது. அசிஸ்டென்ட்டுகளுக்கென்றே தனி வழி வைத்திருப்பவை ஒஹையோவின் ஃபின்ட்லே பல்கலைக்கழகம் போல மிகச் சிலவே. இன்னொன்று, 2022 முதல் அசிஸ்டென்ட் தரும் வெளிநோயாளி சிகிச்சைக்கு மெடிகேர் (முக்கியமாக முதியோருக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடு) வழக்கமான தொகையில் 85 சதவீதமே தருகிறது. ஆள் எடுப்பவர்கள் இதையும் கணக்குப் போடுவார்கள். நோயாளியைத் தூக்கி நிறுத்தும் வேலை என்பதால் முதுகுக்கும் சிரமம்தான்.

ஆகவே மகளிடம் சம்பளத்தைப் பற்றி முதலில் பேசாதீர்கள். ஏதாவது ஒரு கிளினிக்கில் அனுமதி வாங்கி, நாலைந்து நாள் ஓரமாக உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் எதைச் சொல்லிச் சொல்லிப் பேசுகிறாள் என்று காதுகொடுங்கள். "அவருக்கு ஏன் அந்த வலி வருது, எப்படிக் கண்டுபிடிச்சாங்க?" என்றே அவள் பேச்சு சுற்றினால், நீண்ட படிப்புக்கு அவளைத் தயார் செய்யுங்கள். "இன்னிக்கு அந்தத் தாத்தா கைப்பிடி இல்லாம நாலு அடி வெச்சுட்டாருப்பா" என்று ஓடிவந்தால், இந்த இரண்டு வருடப் படிப்புக்கு மனதாரக் கையெழுத்துப் போடுங்கள்.